ஊசி குத்தாத தெரு

குடியாத்தத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய மாப்பிள்ளையின் பெயரில் பாதி
ஜிகினா எழுத்தில் மேடைத் திரையில் ஒட்டியிருக்கிறது.
அதன்மேல்
வரும் ஆண்டின் குற்றத்தடுப்புத் திட்டம்
புரொஜக்டரிலிருந்து விழுகிறது.

கருத்துச் சொல்ல எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.
ஆளுக்கு ஒரு காராபூந்திப் பொட்டலம், ஒரு பேனா.
பேனாவில் நகைக்கடையின் பெயர்.
முதல் முன்னுரிமை எதுவென்று
அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுவரில் வரைபடம்.
சிவப்பு ஊசி இருந்தால் அங்கே குற்றம் என்றார் இன்ஸ்பெக்டர்.
கடைத்தெருவில் அம்மை வார்த்ததுபோல் ஊசி நெருக்கம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை.
"அமைதியான ஏரியா" என்று
குச்சியால் ஒரு வட்டம் போட்டார்.

அந்த வட்டத்துக்குள்தான் குடியிருக்கிறேன்.
அங்கே ராத்திரி இரண்டு மணிக்கு
கவுண்டன்யா ஆறு எழுந்து
டிராக்டரில் ஏறிப் போகும்.
வாரவட்டிக்காரன் தவணை தவறினால்
அடுப்பில் உலை இருக்க சிலிண்டரைக் கழற்றுவான்.
பீடிக் கட்டைக் கொடுத்துவிட்டு
சம்பங்கியின் மகள் திரும்பும் சந்தில்
கம்பம் உண்டு, விளக்கில்லை.
கம்பத்தடியில் நிற்பவன் யாரென்று
கம்பத்துக்கே தெரியும்.

என் பிழைப்பு ஜெராக்ஸ்.
காவல் நிலையத்துக்கு நேர் எதிரே, ஆறுக்கு எட்டு.
மனு எழுத இருபது ரூபாய், நகல் இரண்டு.
உள்ளே போகும் எந்தக் காகிதமும்
முதலில் என் கண்ணாடிமேல் குப்புறப் படுக்கும்.
பச்சை வெளிச்சம் முகத்தைத் தடவிப் போகும்.
திரும்பி வருகையில் சிலர் கையில் ரசீது.
பலர் கையில் அதே காகிதம்.
"நாளிக்கு வரச் சொன்னாங்கோ."
"பேசி முடிச்சிக்கினு போகச் சொன்னாங்கோ."
முனிரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை.
மனுவைக் கூம்பாகச் சுற்றி
வேர்க்கடலை வாங்கிக்கொண்டு நடந்தான்.

கடன் சொல்கிறவர்களுக்காக ஒரு நோட்டு.
பெயர், தெரு, எதைப் பற்றி, பாக்கி.
வேவு பார்க்க வைத்ததல்ல, வசூலிக்க வைத்தது.
முந்தின இரவு அதைக் கூட்டிப் பார்த்தேன்,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மட்டும்,
ரசீது இல்லாமல் திரும்பியவை மட்டும்.
ஒரு வருஷத்தில் நூற்று நாற்பத்து மூன்று.

நகைக்கடைக்காரர் கேமரா கேட்டார்.
பள்ளித் தாளாளர் ஹெல்மெட் பற்றிப் பேசினார், நீளமாக.
லாரி சங்கத்தில் ஒருவர் எழுந்து
காவல்துறைக்கு நன்றி மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.
மைக் என்னிடம் வரும்போது
பின்கட்டில் பிரியாணி தம் உடைத்துவிட்டார்கள்.
பாதி நாற்காலிகள் காலி.

"சார், அந்த ஊசி டப்பாவ இப்டி குடுங்க."

சிரித்தார்கள். அவரும் சிரித்தபடிதான் நீட்டினார்.
வாசித்தேன், குத்தினேன்.
தெருவை வாசித்தேன், விஷயத்தை வாசித்தேன்.
பெயர் வந்த இடத்தில் எல்லாம்
எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.
பெயர் என் பாக்கிக்குச் சொன்னது,
மண்டபத்துக்குச் சொன்னதல்ல.
சிரிப்பு எந்த ஊசியில் நின்றது என்று கவனிக்கவில்லை.
பதினொன்றில் டப்பா காலி.

"அவ்ளோதாம்மா வாங்கனது" என்றார் ரைட்டர்.
உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

ஒன்பது நாள் கழித்து
கூட்டக் குறிப்பு நகலெடுக்க என்னிடமே வந்தது.
கொண்டுவந்த ஜெயசீலி, பெண் காவலர்,
கல்லாப் பக்கம் பார்க்காமல்
தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
ஏழாவது தீர்மானம்:
பொதுமக்கள் தரப்பில் கூடுதல் குண்டூசி கோரப்பட்டது.
பரிசீலிக்கப்படும்.

பன்னிரண்டு நகல் கேட்டிருந்தார்கள்.
பதின்மூன்று எடுத்தேன்.
ஜெயசீலி எண்ணிப் பார்த்தாள்.
பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.
காசு அப்புறம் என்றாள்.

நோட்டைத் திறந்தேன்.
பெயர்: காவல் நிலையம்.
தெரு: எதிரே.
எதைப் பற்றி: எங்களைப் பற்றி.
பாக்கி:
நூற்று முப்பத்திரண்டு.